மரியா மாண்டிசோரி: மறந்துபோன முதல் மாணவர்கள்

மாண்டிசோரி என்ற பெயர் தமிழருக்குப் புதிதல்ல. சென்னையில் நாலு தெரு நடந்தால் ஒரு மாண்டிசோரி பள்ளியின் பெயர்ப்பலகை கண்ணில் படும். கோவை, மதுரை, கொழும்பு, யாழ்ப்பாணம் எங்கும் இதே கதைதான். அது ஒரு பெண்மணியின் பெயர் என்று தெரியாமல், எல்.கே.ஜி.க்கு முந்தைய வகுப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பெயர் தெரிந்தவர்களிலும் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இன்று வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கான கல்வியாக விளம்பரப்படுத்தப்படும் இந்த முறை, பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஒதுக்கித் தள்ளிய குழந்தைகளுக்காகப் பிறந்தது. மனநல விடுதியில் பூட்டி வைக்கப்பட்டிருந்த குழந்தைகள்தான் மாண்டிசோரி அம்மையாரின் முதல் மாணவர்கள்.

நான் சில வருடங்களாக இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரில் இருக்கிறேன். படித்தது பொறியியல் முதுகலை, பிழைப்பு மென்பொருள். 1980களில் இருந்து ஈழத்தமிழர்கள் இங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள். பலாரோ சந்தைப் பக்கம் போனால் தமிழ்க் குரல் கேட்கும். நகரின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரினோ மலை ஏறி, கத்தோலிக்கரோடு சைவத் தமிழர்களும் போகிறார்கள். எனக்குப் பழக்கமான ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு குறைவு. அவன் போவது தெருமுனையில் உள்ள சாதாரண அரசுப் பள்ளிக்கு. மற்றப் பிள்ளைகளோடு அதே வகுப்பில் உட்காருகிறான். வகுப்பு ஆசிரியரோடு துணை ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். இது யாருடைய கருணையும் அல்ல, சட்டம்.

எங்கள் ஊர்ப்பக்கம் இத்தகைய பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் பெற்றோர் படும் பாட்டைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. இது எப்படி வந்தது என்று தேடிப் படிக்கப் போய்த்தான் மாண்டிசோரியின் வாழ்க்கைக்குள் நுழைந்தேன். அந்த வாழ்க்கையில் பாதி நம் ஊர்க்கதையாகவும் இருந்தது எனக்கு இரண்டாவது ஆச்சரியம்.

பொறியாளராக விரும்பிய பெண்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கிழக்குக் கரையோரம் அன்கோனாவுக்கு அருகில் உள்ள கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். இத்தாலி ஒரே நாடாக இணைந்துகொண்டிருந்த காலம் அது. தந்தை அலெசாந்த்ரோ அரசாங்க நிதித்துறை ஊழியர், பழைய நடைமுறைகளில் ஊறியவர். தாய் ரெனில்தே நிறையப் படித்தவர். மகளின் ஆசைகளுக்கு எப்போதும் துணை நின்றவர். தந்தையின் வேலை மாற்றத்தால் குடும்பம் 1875இல் ரோமுக்கு வந்து சேர்ந்தது.

பெண்கள் படித்தால் ஆசிரியை ஆகலாம் என்று இருந்த காலத்தில், மரியா 13 வயதில் பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். கணக்கில் கெட்டிக்காரி. பொறியாளர் ஆக வேண்டும் என்பது அவரது முதல் கனவு. பிறகு மனம் மாறி மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். இது தந்தைக்கு இன்னும் பிடிக்கவில்லை. முதலில் ரோம் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்துவிட்டு, அதன் வழியாக மருத்துவப் படிப்புக்குள் நுழைந்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்பதால், எல்லோரும் போன பிறகு மாலையில் தனியாக அந்த அறையில் படித்தார். 1896இல் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று அவரைப் பலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல, அவருக்கு முன்பே சிலர் பட்டம் பெற்றிருந்தார்கள். ஆனால் மிகச் சிலரில் ஒருவர் என்பது உண்மை.

அதே ஆண்டு பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் கலந்துகொண்டு, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று பேசினார். வயது 26.

விடுதியில் பூட்டப்பட்ட குழந்தைகள்

பட்டம் பெற்ற பிறகு ரோம் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். நகரின் மனநல விடுதிகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது அவர் வேலையில் ஒரு பகுதி. அங்கே பெரியவர்களோடு குழந்தைகளும் அடைக்கப்பட்டிருந்தார்கள். வலிப்பு வருபவர்கள், காது கேளாதவர்கள், பேச்சு வராதவர்கள், இன்று நாம் ஆட்டிசம் என்றும் கற்றல் குறைபாடு என்றும் சொல்லக்கூடிய பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெயரில் அங்கே கிடந்தார்கள். மந்த புத்தி என்பதுதான் அந்தப் பெயர். வேறு போக்கிடம் இல்லாததால் அங்கே இருந்தார்கள்.

இந்த பலேர்மோவில் 1824லேயே பியெத்ரோ பிசானி என்ற பிரபு மனநோயாளிகளின் சங்கிலிகளைக் கழற்றி, அவர்களுக்குத் தோட்ட வேலையும் கைத்தொழிலும் கொடுத்து ஒரு விடுதியை நடத்திக் காட்டியிருந்தார். எழுபது வருடம் கழித்தும் தலைநகரில் குழந்தைகளின் நிலை இப்படி இருந்தது.

மாண்டிசோரியைப் பற்றி எழுதும் எல்லோரும் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. ஒரு விடுதியில் சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதை அங்கிருந்த காவல்காரப் பெண் அருவருப்போடு காட்டினாராம். மாண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர். கையில் எடுத்துப் பார்க்க, உருட்ட, அடுக்க ஒரு பொருள்கூட அங்கே இல்லை. அந்தக் குழந்தைகளின் பசி வயிற்றுப் பசி அல்ல, கைகளின் பசி என்று அவருக்குத் தோன்றியது. இது மருத்துவச் சிக்கல் என்பதைவிடக் கல்விச் சிக்கல் என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் இப்படிச் சொல்வது சாதாரண விஷயமல்ல.

இதே எண்ணம் கொண்டவர்கள் முன்பு இருந்தார்களா என்று தேடியபோது இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் கிடைத்தார்கள். ஒருவர் ழான் இதார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவெய்ரோன் காட்டுப் பகுதியில் பிடிபட்ட, பேச்சறியாத சிறுவனுக்குப் பாரிஸின் காது கேளாதோர் பள்ளியில் பல வருடம் பாடம் சொல்லிப் பார்த்தவர். மற்றவர் அவரது மாணவர் எத்துவார் செகேன். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்றே பள்ளி நடத்தி, பிறகு அமெரிக்காவுக்குப் போனவர். இருவரையும் அநேகமாக எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். மாண்டிசோரி அவர்களுடைய நூல்களைத் தன் கைப்படவே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். வேகமாகப் படித்தால் சாரம் பிடிபடாது, எழுதினால்தான் ஒவ்வொரு சொல்லிலும் நிற்க முடியும் என்பது அவர் எண்ணம்.

1898இல் தூரினில் நடந்த கல்வி மாநாட்டில் இந்தப் பிள்ளைகளுக்காகப் பேசினார். இவர்களைக் கைவிடும் சமூகம் பிறகு குற்றவாளிகளைப் பற்றிப் புலம்புவதில் பொருளில்லை என்ற அவரது வாதம் நாடெங்கும் கவனம் பெற்றது. கல்வி அமைச்சர் பாச்செல்லி ரோமின் ஆசிரியர்களுக்கு உரையாற்ற அவரை அழைத்தார். 1900இல் இத்தகைய பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி ஒன்று ரோமில் தொடங்கப்பட்டது. அதோடு பிள்ளைகள் படிக்கும் மாதிரிப் பள்ளியும் இருந்தது. மாண்டிசோரியும் சக மருத்துவர் ஜூசெப்பே மொன்தெசானோவும் இணை இயக்குநர்கள்.

தையல் தெரியாத சிறுமி

காலை எட்டு மணிக்கு வந்தால் மாலை ஏழு மணி வரை பிள்ளைகளோடு இருப்பார். இரவில் அன்று பார்த்ததைக் குறித்து வைப்பார். தனக்குக் கிடைத்த உண்மையான கல்விப் பட்டம் அந்த இரண்டு வருடம்தான் என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் வரவில்லை. ஊசியை மேலும் கீழுமாகக் கோத்து எடுப்பதைக்கூட அவளால் செய்ய முடியவில்லை. எத்தனை தடவை காட்டிக் கொடுத்தும் பயனில்லை. மாண்டிசோரி தையலை நிறுத்திவிட்டு, காகிதப் பட்டைகளைப் பாய் முடைவது போல ஒன்று மாற்றி ஒன்றாகக் கோக்கும் விளையாட்டைக் கொடுத்தார். அது அவளுக்குப் பிடித்துப் போனது. சில நாள் கழித்து மறுபடி ஊசியைக் கையில் கொடுத்தால், தைக்கிறாள்! தையலைத் தைத்துக் கற்கவில்லை. தைப்பதற்கு வேண்டிய கை அசைவை வேறொன்றில் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள்.

எழுத்துக்கும் இதையே செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. எழுதச் சொல்லி அடிப்பதற்கு முன், எழுதுவதற்கு வேண்டிய அசைவுகளைக் கைக்குத் தனித்தனியே பழக்கிவிட்டால் என்ன? மரத்தில் எழுத்துகளைச் செதுக்கி, உயிரெழுத்துக்குச் சிவப்பும் மெய்யெழுத்துக்கு நீலமும் பூசி, பிள்ளைகளை விரலால் தடவச் செய்தார். கண் பார்க்க, விரல் தடவ, காது ஒலியைக் கேட்க, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. பின்னாளில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது மர எழுத்து செய்யக் கைவினைஞரும் கிடைக்கவில்லை, பணமும் இல்லை. உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். இன்று உலகமெங்கும் மாண்டிசோரி பள்ளிகளில் இருக்கும் உப்புத்தாள் எழுத்துகளின் பிறப்பு இதுதான்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியது இங்கே நினைவுக்கு வரும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அனாதைப் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தைப் பார்த்துத்தான் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். விரலுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை நாம் ஸ்லேட்டும் நோட்டும் வந்தபின் மறந்தோம்.

அவர் உருவாக்கிய கருவிகள் பலவற்றில் பொதுவாக இருக்கும் ஒரு குணம், நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு உடனே பிடிபட்டது. ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள், அதற்குப் பொருந்தும் பத்து உருளைகள். ஒன்றைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஓர் உருளை மிஞ்சும், குழியில் பொருந்தாது. பிழை எங்கே என்று பொருளே சொல்லிவிடுகிறது. வாத்தியார் அதட்ட வேண்டாம், மற்றப் பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். குழந்தை தானே கலைத்துவிட்டு மறுபடி வைக்கும். ஆயிரம் முறை அவமானப்பட்ட ஒரு பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் சாதாரணப் பள்ளி மாணவர்களோடு அரசுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ரோமே அதிசயித்தது. எல்லோரும் அவரைப் பாராட்டிக் கொண்டிருந்தபோது அவர் மனத்தில் வேறு கேள்வி ஓடியது. எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளை இந்தப் பிள்ளைகள் எட்டிப் பிடிக்கிறார்கள் என்றால், அந்தப் பள்ளிகள் தம் பிள்ளைகளை எவ்வளவு கீழே அழுத்தி வைத்திருக்க வேண்டும்? மாண்டிசோரி கல்வி முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருந்து கிளைத்தது எனலாம்.

விட்டுப் பிரிதல்

1901இல் அவர் அந்தப் பள்ளியை விட்டு விலகினார். ஊனமுற்ற குழந்தைகளுக்கான முழுநேரப் பணிக்கு அவர் அதன்பின் திரும்பவில்லை.

காரணம் இரண்டு. தன் முறையைச் சாதாரணக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆவல் ஒன்று. மற்றொன்று சொந்தத் துயரம். அவருக்கும் மொன்தெசானோவுக்கும் 1898இல் மாரியோ என்ற மகன் பிறந்திருந்தான். மணமாகாத தாய் என்று தெரிந்தால் மருத்துவ வாழ்க்கை அன்றோடு முடிந்துவிடும். குழந்தை கிராமத்தில் ஒரு செவிலித்தாயிடம் ரகசியமாக வளர்ந்தது. மொன்தெசானோ 1901இல் வேறொரு பெண்ணை மணந்தார். மாண்டிசோரி பள்ளியை விட்டு வெளியேறினார். ஊரார் குழந்தைகளின் மனத்தை அத்தனை நுட்பமாகக் கவனித்தவருக்குத் தன் குழந்தையை அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வர மட்டுமே முடிந்தது. 1912 இறுதியில் தன் தாய் இறந்த பிறகுதான் வளர்ந்த மகனை அழைத்து வைத்துக் கொண்டார். பல வருடங்கள் ஊராருக்கு அவன் அண்ணன் மகன் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் சொல்லப்பட்டான்.

பிரெஞ்சு இயக்குநர் லியா தொதரோவ் 2023இல் எடுத்த திரைப்படம் இந்தச் சில வருடங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. மாண்டிசோரி என்றாலே பெரும்பாலும் சான் லொரென்சோவில் இருந்துதான் கதை தொடங்கும்.

சான் லொரென்சோவும் மெசினாவும்

சான் லொரென்சோ ரோமின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் புதிதாகப் பூசிய சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். கட்டட நிறுவனம் அவர்களை ஓர் அறையில் உட்கார வைக்க ஆள் தேடியது. 1907 ஜனவரி 6 அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளோடு முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஊனமுற்ற பிள்ளைகளுக்காகச் செய்த கருவிகளையே மாண்டிசோரி இங்கே கொண்டுவந்து வைத்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சுற்றிலும் பாட்டும் சத்தமும் நடக்க, உருளைகளைக் குழிகளில் பொருத்தி எடுப்பதை நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை செய்ததை எண்ணிப் பார்த்து வியந்தார். யாரும் எழுதச் சொல்லாமலே சில மாதங்களில் பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். பார்க்க உலகம் திரண்டு வந்தது.

சிசிலியில் இருப்பதால் எனக்கு இன்னொரு கதை நெருக்கமானது. 1908 டிசம்பர் 28 அதிகாலையில் இந்தத் தீவின் கிழக்கு முனையில் மெசினா நகரம் பூகம்பத்தில் தரைமட்டமானது. கடலும் பொங்கி வந்தது. நீரிணையின் இருகரையிலும் சேர்த்து எண்பதாயிரம் பேர் வரை மாண்டதாகக் கணக்கு. அனாதையான குழந்தைகளில் சுமார் அறுபது பேர் ரோமில் ஜூஸ்தி தெருவில் இருந்த கன்னியர் மடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெயர் தெரியாது, பேச்சு இல்லை, சாப்பாடு இறங்காது, இரவெல்லாம் அழுகை. மாண்டிசோரி அங்கே ஓர் இல்லம் அமைத்தார். சிறிய மேசை, நாற்காலி, வண்ணத் திரை, பூச்செடி, பீங்கான் தட்டு. மேசையைத் துடைத்து விரிப்பு விரிப்பது, தண்ணீர் ஊற்றுவது, பூ வைப்பது என்று நிதானமாகச் செய்யும் வேலைகளைக் கன்னியர்கள் பழக்கினார்கள். மெல்ல மெல்லக் குழந்தைகளுக்குத் தூக்கமும் பசியும் திரும்பின, பிறகு சிரிப்பும். 2004 சுனாமியையும் போரையும் கண்ட நம் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1909இல் அவரது நூல் வெளிவந்தது. 1912இல் ஆங்கிலத்தில் வந்தபின் அமெரிக்காவிலும் புகழ் பரவியது. 1915 சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையில் குழந்தைகள் வேலை செய்வதைக் கூட்டம் நின்று பார்த்தது. இத்தாலியில் முசோலினி 1924இல் இருந்து அவரது பள்ளிகளுக்கு ஆதரவு தந்தார், அவரும் ஏற்றுக்கொண்டார். அது அவர் வாழ்க்கையில் இன்றும் விவாதிக்கப்படும் பக்கம். குழந்தைகளைச் சீருடை அணிந்த படையாக்க நினைத்த அரசோடு அது நீடிக்கவில்லை. 1934இல் உறவு முறிந்து இத்தாலியை விட்டு வெளியேறினார், பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அதே கதி. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கிருந்தும் கிளம்பி ஹாலந்து போனார்.

அடையாறும் கொடைக்கானலும்

1939 நவம்பரில், 69 வயதில், மகன் மாரியோவோடு சென்னை வந்து இறங்கினார். அழைத்தவர்கள் பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் ருக்மிணி தேவியும். அடையாறில் தொடங்கிய முதல் பயிற்சி வகுப்புக்கு இந்தியா முழுவதிலும் இருந்து முந்நூறு பேர் வரை வந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மாரியோ வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லுவார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் இருவரும் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோ சிறைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அம்மையார் அடையாறு சபை வளாகத்தை விட்டு நகரக் கூடாது. அந்த ஆகஸ்ட் 31 அவரது எழுபதாவது பிறந்தநாள். பிறந்தநாள் பரிசாக மாரியோவை விடுவிப்பதாக வைஸ்ராயிடம் இருந்து தந்தி வந்தது. அதில் மாரியோ அவரது மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தது என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நாற்பது வருடம் மறைத்த உறவு சென்னையில் வெளிப்படையானது.

பிறகு கொடைக்கானல். நான் சிறுவயதில் பள்ளிச் சுற்றுலாவாக ஏரியும் தூண் பாறையும் பார்த்துத் திரும்பிய அதே மலையில், இரண்டு வருடத்துக்கு மேல் அவர் சிறு பள்ளி ஒன்றை நடத்தினார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள், வெவ்வேறு நாட்டவர், ஒரே இடத்தில். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன அங்கே அவருக்கு உதவியாக இருந்தார். செடி, பூச்சி, கல், நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒரே கதையாகச் சொல்லும் அவரது பிற்காலக் கல்விமுறை உருப்பெற்றது அங்கேதான். 1944இல் கொழும்பிலும் பயிற்சி அளித்தார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவரது புகழ்பெற்ற கடைசி நூல்களில் ஒன்று 1949இல் அடையாறில்தான் அச்சானது. 1952 மே 6 அன்று ஹாலந்தில் நூர்ட்வைக் என்ற கடலோர ஊரில் காலமானார். யூரோ வருவதற்கு முன், 1990களில் இத்தாலியின் ஆயிரம் லீரா நோட்டில் இருந்தது அவர் முகம்தான்.

யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

இனி நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பலேர்மோவில் அந்தத் தமிழ்ப் பையன் சாதாரண வகுப்பில் உட்காருவதற்கு மாண்டிசோரி காரணமா? நேரடியாக இல்லை. 1898இல் அவர் கேட்டதே இந்தப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளியும் தனி வகுப்பும்தான். மனநல விடுதியில் கிடந்தவர்களுக்கு அன்று அதுவே பெரிய விடுதலை. முக்கால் நூற்றாண்டு கழித்து அந்தத் தனி வகுப்புகளே புதிய சிறையாகிவிட்டன. ஏழை வீட்டுப் பிள்ளைகளையும், தெற்கிலிருந்து வடக்கே பிழைக்கப்போன குடும்பங்களின் பிள்ளைகளையும்கூட அங்கே தள்ளினார்கள். 1960களின் இறுதியில் எழுந்த எதிர்ப்பின் பலனாக, 1977இல் 517ஆம் எண் சட்டம் தனி வகுப்புகளை ஒழித்தது. துணை ஆசிரியர் வந்தார். இத்தகைய பிள்ளை இருக்கும் வகுப்பில் இருபது பேருக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. 1992இல் இந்த உரிமை விரிவாக்கப்பட்டது. 2010இல் 170ஆம் எண் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிக்கல் உள்ளவர்களுக்குக் குரலில் வாசிக்கும் மென்பொருள், கணக்கிடும் கருவி, கூடுதல் நேரம் ஆகியவற்றை உரிமையாக்கியது.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். துணை ஆசிரியர்கள் பலர் தற்காலிக ஊழியர்கள். வருடத்துக்கு ஒருவர் மாறினால், மாற்றத்தைத் தாங்காத பிள்ளை என்ன செய்யும்? அந்தப் பையனின் தாயாரின் பெரிய கவலை இதுதான். ஆனால் பிள்ளையைச் சேர்த்துக் கொள்வீர்களா என்று கேட்டு வாசலில் நிற்கும் நிலை அவருக்கு இல்லை.

மாண்டிசோரியின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. பின்தங்கிய பிள்ளைக்காகச் செய்த ஏற்பாடு மற்ற எல்லோருக்கும் நல்லது என்பதை அவர் செய்து காட்டினார். என் தொழிலிலும் இதைப் பார்க்கிறேன். நான் பங்கெடுத்த ஒரு மென்பொருள், டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்காகப் பாடநூலை வாசித்துக் காட்டுவது. அதை ஒரு தமிழ் அம்மா, பிள்ளைகள் உறங்கியபின், தான் இத்தாலிய மொழி கற்பதற்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊனமுற்றவரை மனத்தில் வைத்துக் கட்டிய சாய்தளத்தில் தள்ளுவண்டிக்காரரும் கர்ப்பிணியும் ஏறுகிறார்கள் அல்லவா, அதுபோல.

ஆனால் ஓட்டம் ஒரு பக்கமாகவே நடந்துவிட்டது. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் இருந்து பெற்றதை மற்றவர்களுக்குக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்கும் வேலையைப் பிறர்தான் செய்தார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹெல்ப்ரூக்கே என்ற குழந்தை மருத்துவர் 1968இல் தொடங்கிய அமைப்பு, ஊனமுள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து இதே முறையில் கற்பித்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றுக்கொண்டு, பொதுப்பள்ளியில் இணைந்து படிக்கும் உரிமையைச் சொல்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் மாண்டிசோரி என்று பலகை மாட்டிய பள்ளியிலேயே, இந்தப் பிள்ளையை எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய பெற்றோரை எனக்குத் தெரியும். அந்தப் பலகையின் வரலாறு அந்தப் பெற்றோருக்கும் தெரியாது, பதில் சொன்னவருக்கும் தெரியாது.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை அரசுப் பள்ளியில் எல்லோரோடும் இருக்கும் பிள்ளை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வருகிறானா? பெரும்பாலும் இல்லை. பெற்றோர் கூச்சத்தில் கொண்டுவருவதில்லை; நாமும் கேட்பதில்லை. இத்தாலிய மொழியில் அவனுக்கு இடம் உண்டு, தாய்மொழியில் இல்லை என்றாகிவிடுகிறது. அந்தத் தாயார் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு மூத்த மகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். சென்ற வருடம் பேசிப் பேசித் தம்பியும் வந்தான். துணை ஆசிரியர் வைக்க எங்களிடம் பணம் கிடையாது. வன்பொருள் கடையில் உப்புத்தாள் வாங்கி, அ முதல் ஔ வரை வெட்டி அட்டையில் ஒட்டினோம். அவன் ஈ என்ற எழுத்தின் வடிவை விரலால் தடவிக்கொண்டே அரைமணி நேரம் உட்காருவான். இப்போது மற்றப் பிள்ளைகளும் அந்த அட்டைகளுக்குப் போட்டி போடுகிறார்கள். ழகரமும் ளகரமும் குழம்பும் பெரிய பிள்ளைகளுக்காக மெய்யெழுத்துகளையும் வெட்ட வேண்டியிருக்கிறது.

லண்டனிலும் டொரன்டோவிலும் சிட்னியிலும் தமிழ் வகுப்பு நடத்தும் நண்பர்கள் தங்கள் பெயர்ப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அக்காவோ அண்ணனோ வந்து, தம்பியோ தங்கையோ வராத வீடு ஏதாவது இருக்கும். அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.